கால் உள்ள சாமான் ஏறக்கூடாது

இந்த வீட்டில் இனி ஒரு முடிவையாவது நானே எடுப்பேன் என்று சத்தியதாஸ் சபதம் செய்தபோது அவர் வாய் நிறையப் பற்பசை நுரை இருந்தது. அதனால் சபதம் வெளியே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுக்களையிலிருந்து ராகேல், "என்னத்த முடிவு?" என்று கேட்டிருப்பாள். அவர், "ஒண்ணுமில்ல, சும்மா" என்று சொல்லியிருப்பார். சபதம் அங்கேயே முடிந்திருக்கும்.

நுரைதான் அன்று அவர் மானத்தைக் காப்பாற்றியது.

முடிவு எடுக்க வேண்டிய விஷயம் மாடியில் இருந்தது. கரமனையில் அவர்கள் வீட்டு மாடியில் ஒரே ஓர் அறை. அவருடைய அப்பா கட்டியது. தளம் சிமெண்டு இல்லை, முழுக்க அயினிப் பலகை. இந்த ஊர் மலையாளிகள் ஆஞ்ஞிலி என்பார்கள். சத்தியதாஸுக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. கடையில் விலைபோகாத அலுமினியக் குடங்களும், பிடி கழன்ற குக்கர்களும், எந்தக் கல்யாணக்காரரும் வாங்க முன்வராத ஒரு ராட்சத இட்லிக் கொப்பரையும் வருஷக்கணக்காக அந்த அறையில் குடியிருந்தன. போன மாதம் ஒரு பழைய சாமான் வியாபாரி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார். கூட்டிப் பெருக்கிப் பார்த்தால், அடியில் பலகை பலகையாகத் தேன் நிறத்தில் ஒரு தரை. கிழக்கே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மாமரம். மாமரத்திலிருந்து காற்று.

சத்தியதாஸ் அந்தக் காற்றில் கொஞ்சம் நின்றார். கொட்டாவி வந்தது. அந்தக் கொட்டாவியிலேயே அறையின் எதிர்காலம் அவருக்குத் தெளிவாகிவிட்டது.

அவருக்கு வேண்டியது மதியத் தூக்கம். மதியம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வருவார். குழாயடியில் முழங்கால் வரை கால் கழுவுவார். கழுவிய காலைத் துடைக்கும் வழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. சாப்பிடுவார். பிறகு சூடு இறங்கட்டும் என்று உச்சந்தலையில் ஒரு உள்ளங்கைத் தேங்காய் எண்ணெய், வலி இறங்கட்டும் என்று முழங்கால் முட்டுகளில் ஒரு உள்ளங்கைத் தைலம். இத்தனை ஏற்பாட்டுக்கும் பிறகு கீழ் அறையில் படுத்தால் தூக்கம் வராது. ஒரு பக்கம் ரோட்டில் பஸ் ஹாரன். மறுபக்கம் அடுக்களையில் மிக்சி. இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கும். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பாடகர் குழு பாடத் தொடங்கியதும் அவர் கண்ணை மூடுவார். அந்தச் சில நிமிஷம்தான் அவருக்கு வாய்த்த நிம்மதி. எவ்வளவு பக்தியான மனிதர் என்று சபையில் பெயர் வாங்கியிருந்தார்.

மாடி அறையில் ஒரு கட்டில். சாத்திய கதவு. அவ்வளவுதான் அவர் உலகத்திடம் கேட்டது.

உலகம் கொடுத்துவிட்டிருக்கும். இடையில் ராகேல் இருந்தாள்.

அந்தப் பாடகர் குழுவுக்கு இந்த வருஷம் அவள்தான் தலைவி. அவள் பொறுப்பேற்ற நேரம், பயிற்சி நடக்கும் சபை ஹாலின் கூரையைப் பிரித்துவிட்டார்கள். குழுவில் கட்டைக் குரலில் பாடிக்கொண்டிருந்த ஒரே ஆண்பிள்ளையும் மகனோடு இருக்க மஸ்கட்டுக்குப் போய்விட்டார். கிறிஸ்துமஸோ யாருக்காகவும் காத்திராது. ஆராதனை முடிந்து நடந்து வரும்போது ராகேல் விஷயத்தை எடுத்தாள்.

"கேட்டியளா, எடமும் இல்ல, கட்டக் குரலும் இல்ல."

"கஷ்டம்தான்."

"குரலப் பின்ன பாக்கலாம். எடத்துக்கு எனக்கு ஒரு யோசன உண்டு."

"என்ன யோசன?"

"நமக்க மேல் ரூமு சும்மாதான கெடக்கு?"

சத்தியதாஸுக்கு நடுரோட்டில் தலை சுற்றியது. முன்பு ஒரு நாள் ஹாலில் கரண்ட் இல்லையென்று அவர்கள் வீட்டு முன்னறையில் பயிற்சி நடந்திருந்தது. ஜெபமலர் டீச்சர் உச்ச ஸ்தாயியைத் தொட்டபோது அடுக்களை அலமாரியில் டம்ளர்கள் நடுங்கின. அவர் பாத்திரக்காரர். எவர்சில்வர் சும்மா நடுங்காது என்று அவருக்குத் தெரியும்.

"மேல் ரூமா? பழைய பலகையாச்சே. சிலாம்பு காலுல குத்தும். பாலிஷ் போடாம யாரும் கால் வைக்க முடியாது."

"அப்ப போடுங்க. யாரு வேண்டான்னா?"

இதற்கு அடுத்த நாள் காலையில்தான் அந்த நுரைச் சபதம்.

சபதத்தோடு அவர் நேராகப் போனது பக்கத்துக் குடைக்கடைக்கு. குடைக்கடை குற்றாலலிங்கம் தென்காசிப் பக்கத்து ஆள். மழைக்காலத்தில் மூச்சுவிட நேரமிருக்காது, மற்றக் காலங்களில் பிறருக்கு யோசனை சொல்வார். அன்று வெயில்.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி வாடிக் கெடக்கு?"

சத்தியதாஸ் கதையைச் சொன்னார்.

"இதுல என்ன இருக்கு? முடியாதுன்னு சொல்லிருங்க."

"யாருகிட்ட?"

"வீட்ல, அவங்ககிட்டதான்."

சொன்னவருக்கே அந்த யோசனை விசித்திரமாகப் பட்டது.

"சரி, அது வேண்டாம்," என்றார் குற்றாலலிங்கம். "எங்க பிளாட்டு ஹால்ல மரத்தரை போட்டேன்லா? கண்ணாடி மாதிரி பாலிஷ். இன்னைய தேதி வரைக்கும் எங்க மாமியா அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. எண்ணெய் பூசின மரம்னா நாலு பேர் நடக்கலாம். மெழுகு பூசினாலும் நடக்கலாம். ஆனா இந்தப் பளபளா இருக்கு பாருங்க, அது தரையே இல்ல அண்ணாச்சி. அது நகை. பூட்டித்தான் வைக்கணும்."

"நகையா?"

"ஒரு கீறல் விழுந்தாலும் பல்லக் காட்டும். நாற்காலி இழுக்க முடியாது. ஈரம் ஆகாது. நீங்க வாயத் தொறந்து முடியாதுன்னு சொல்லவே வேண்டாம். தரை சொல்லிரும்."

தரை சொல்லிவிடும்! சத்தியதாஸுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் தேடிக்கொண்டிருந்தது இப்படி ஒரு தரையைத்தான்.

"அப்ப நீங்க சாயங்காலம் அந்த ஹால்லயா இருப்பீங்க?"

குற்றாலலிங்கம் ஒரு குடையை விரித்துப் பார்த்துவிட்டு மடக்கினார். "நாங்க அடுக்களைல இருப்போம்," என்றார்.

இந்தப் பதிலைச் சத்தியதாஸ் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்கலாம். அதற்குள் யாரோ அவர் கடையில் புட்டுக்குடம் கேட்டு வந்துவிட்டார்கள்.

பாலிஷ்காரர் தங்கப்பன் புதன்கிழமை வந்தார். ஒரு பையில் மாதிரிக்குச் சில பலகைத் துண்டுகள். தங்கப்பனுக்கு ஒரு கொள்கை உண்டு. யார் எதைச் சொன்னாலும் அதுதான் சரி. இந்தக் கொள்கையை வைத்தே அவர் பெரிய வீடு கட்டியிருந்தார்.

"இது ஆயில் சாரே. ஆளிவிதை எண்ணெ. மரம் அப்படியே குடிச்சிரும். தொட்டா மரத்தத் தொட்ட மாதிரியே இருக்கும்."

ராகேல் துண்டை வாங்கித் தடவிப் பார்த்தாள். "இது கொள்ளாமே, பிடிச்சிருக்கு. தோசைக்கல்லு மாதிரி, பழகப் பழக நல்லாயிரும். கீறல் விழுந்தா அங்க மட்டும் தொட்டுத் தேச்சாப் போதும் அல்லே?"

"அதே, அதே. ஆயில்தான் பெஸ்ட் சேச்சி."

"வேண்டாம்," என்றார் சத்தியதாஸ்.

அந்த வீட்டில் அவர் குரலில் அந்தச் சொல் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. சொன்னவர் உட்பட மூன்று பேரும் அது எங்கேயிருந்து வந்தது என்று பார்த்தார்கள்.

"எண்ணெய்னா வருஷா வருஷம் பூசணும். யாருக்கு முடியும்?"

"அது சரிதான் சாரே. ஆயில் வலிய சல்லியம், பெரிய தொல்லை." தங்கப்பன் அதைப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். "இது மெழுகு. தேன் மெழுகு. துணி வெச்சுத் தேய்க்கத் தேய்க்க மினுங்கும்."

"தண்ணி பட்டா வெள்ளை வெள்ளையாத் தடம் விழும்," என்றார் சத்தியதாஸ். மூன்று நாளாகக் கடையில் உட்கார்ந்து போனில் பாலிஷ் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவர்.

"விழும் சாரே. கண்டிப்பா விழும்." மெழுகும் பைக்குள் போனது. "அப்ப இது நோக்குங்க. பி.யு. பாலிஷ், மேட். மேல பிளாஸ்டிக் தொலி மாதிரி ஒண்ணு நிக்கும். மினுங்காது. ஆள் ஏறி நடந்தாலும் கீறல் கண்ணுக்குத் தெரியாது."

சத்தியதாஸ் பதறிப்போனார். கீறல் தெரியாத தரையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? "மினுங்காததுக்கு எதுக்கு பாலிஷ்? வேற?"

"வேறன்னா, இதே பி.யு.வுல கிளாஸி."

தங்கப்பன் கடைசித் துண்டைத் திருப்பினார். அதில் ஜன்னல் தெரிந்தது. மாமரம் தெரிந்தது. மாமரத்தில் உட்கார்ந்திருந்த காக்கை தெரிந்தது.

"இது!" என்றார் சத்தியதாஸ்.

"இது இத்திரி பிரச்சின புடிச்சதாக்கும் சாரே. தூசி தெரியும். கால் தடம் தெரியும். சின்னக் கீறல் விழுந்தாலும்..."

"தெரியட்டும்! எல்லாம் தெரியட்டும்!"

ராகேல் பலகையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். தன் காலில் தானே முள் குத்திக்கொள்ள ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்படுவானா என்று யோசிப்பவள்போல மறுபடியும் அவரைப் பார்த்தாள். பிறகு, "உங்களுக்குப் பிடிச்சா இதுவே இருக்கட்டும்," என்றாள்.

இவ்வளவு சுலபமாக ஜெயித்தால் ஒரு மனிதருக்குச் சந்தேகம் வர வேண்டும். சத்தியதாஸுக்குப் பசி வந்தது.

"ஆனா ஒண்ணு," என்றாள் ராகேல். "இந்தத் தரைல என்னெல்லாம் கூடாதுன்னு தங்கப்பன் அண்ணன வெச்சுக்கிட்டே சொல்லிருங்க. பின்ன ஒருத்தரும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லப்பிடாது. செருப்பு?"

"கூடாது."

"நாற்காலி?"

"கூடவே கூடாது. இழுத்தா கோடு விழும்."

"காலுக்கடியில துணி கட்டிப் போட்டா?"

சத்தியதாஸ் உஷாரானார். துணி கட்டிய நாற்காலியில் ஜெபமலர் டீச்சர் உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது. "துணியில மணல் ஒட்டும். அது இன்னும் மோசம். நாற்காலி, ஸ்டூலு, மேஜை, கீபோர்டு ஸ்டாண்டு, கால் உள்ள சாமான் எதுவும் உள்ள ஏறக்கூடாது!"

"கால் உள்ள சாமான் எதுவும்," என்று ராகேல் மனப்பாடம் செய்யும் பிள்ளைபோலத் திருப்பிச் சொன்னாள். "எண்ணெய்?"

பயிற்சிக்கு வருகிற பெண்கள் வெறுங்கையோடு வருவதில்லை. முறுக்கு வரும், உண்ணியப்பம் வரும், வந்தால் போகாமல் இருந்து தின்பார்கள். "எண்ணெய்ப் பசை உள்ள எதுவும் வாசல் தாண்டக்கூடாது. பட்டா பாலிஷ் மங்கிப்போவும். என்ன தங்கப்பன்?"

"மங்கும் சாரே."

"நனைஞ்ச காலு?"

"ஈரக்கால் பட்டா தடம் நின்னுபோவும். மழைக்காலம் வேற வருது. ஈரக்காலோட யாரு வந்தாலும், அவரு போதகரே ஆனாலும், வாசலோட நிக்கட்டும்."

"வீட்டாளுங்களுக்கும் இதுதான?"

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்!" என்று கர்ஜித்தார் சத்தியதாஸ். இதைச் சொன்னபோது தன்னுடைய நெஞ்சு விரிந்ததை அவரே உணர்ந்தார். ஒரே ஓர் ஓட்டை மட்டும் மீதமிருந்தது. அதையும் அடைத்துவிடலாம் என்று தங்கப்பனிடம் திரும்பினார். "பாட்டுச் சத்தம்? சத்தத்துக்குப் பாலிஷ் விரிசல் விடுமா?"

"அப்படி நான் கேட்டதில்ல சாரே."

"விடாதுன்னு உறுதியாச் சொல்ல முடியுமா?"

தங்கப்பன் கொள்கைப்பிடிப்பு உள்ளவர். "அதும் சொல்ல முடியாது சாரே."

"பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன்," என்றாள் ராகேல்.

தங்கப்பனை வழியனுப்பப் போனவள் கேட்டருகே நின்று அவரிடம் நெடுநேரம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தியதாஸ் காதில் அது விழவில்லை. அவர் பலகைத் துண்டில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் வேலை தொடங்கியது. பலகையை இழைக்கிற மெஷின் சத்தத்தில் பஸ் ஹாரனே அடங்கிப்போயிற்று. வீடு முழுக்க மரத்தூள். சாம்பாரில் மரத்தூள், சட்டைப்பையில் மரத்தூள், வேதப்புத்தகத்தில் சங்கீதங்களுக்கும் நீதிமொழிகளுக்கும் நடுவில் மரத்தூள். பூசத் தொடங்கிய அன்று ஐப்பசி மாதத் துலாமழையும் தொடங்கியது. காற்றில் ஈரம், பாலிஷ் காயமாட்டேன் என்றது. சத்தியதாஸ் மாடிப்படியின் மேல்படியில் செய்தித்தாளோடு காவல் உட்கார்ந்தார். சுவரிலிருந்து தரைக்கு இறங்கப் பார்த்த ஒரு பல்லியை, கால் உள்ளது என்ற ஒரே காரணத்துக்காக, சுருட்டிய தாளைக் காட்டித் துரத்தினார்.

காய்ந்தபோது அது தரையாக இல்லை. குளமாக இருந்தது. மாமரம் அதில் தலைகீழாக நின்றது. குனிந்தால் சத்தியதாஸ் தெரிந்தார், தொப்பை முதலில், முகம் பிறகு.

விஷயம் கேள்விப்பட்டுப் போதகர் ஜெபம் பண்ண வந்தார். நல்ல மழை. கால் நனைந்திருந்தது. மாடி ஏறியவரைச் சத்தியதாஸ் இரண்டு கைகளையும் விரித்து மறித்தார்.

"ஐயா, மன்னிக்கணும். ஈரக்காலு."

போதகர் தம் காலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மேல்படியிலேயே நின்று சுருக்கமாக ஜெபித்துவிட்டு இறங்கினார். பாஸ்டரையே நிறுத்திய தரை என்று சபை முழுக்கப் பேச்சானது. சத்தியதாஸுக்கு அன்று பெருமை தாங்கவில்லை. இனி எந்தப் பாடகர் குழு அந்தப் படியில் ஏறும்?

சனிக்கிழமையே ஏறியது. ஜெபமலர் டீச்சர் முன்னால், மற்றவர்கள் பின்னால். அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "கர்த்தாவே!" என்றார்கள். சத்தியதாஸ் தொண்டையைச் சரிசெய்துகொண்டு சட்டங்களை ஒவ்வொன்றாக அறிவித்தார். ஒவ்வொன்றுக்கும் எல்லாத் தலைகளும் ஆடின.

"எனக்கே மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு டீச்சர்," என்று முடித்தார். "உங்களுக்கெல்லாம் முட்டு வேதனை. தரையில உக்காந்தா எழும்ப முடியாது. நாற்காலி இல்லாம பாவம், என்ன செய்வீங்க? வேற எடம்தான் பாக்கணும்."

"நாற்காலி எதுக்கு சாரே?" என்றார் ஜெபமலர் டீச்சர். "கொயர் நின்னுல்லா பாடும்?"

சத்தியதாஸ் அவர்களுடைய முட்டுகளை வரிசையாகப் பார்த்தார்.

"எத்தன வருஷமா எங்களப் பாக்கறீங்க! என்னைக்காச்சும் நாங்க உக்காந்து பாடியிருக்கமா?"

அவர் பார்த்ததில்லை. முதல் ஸ்வரத்திலேயே கண்ணை மூடிவிடுகிற மனிதருக்கு, பாடுகிறவர்கள் நிற்கிறார்களா, உட்கார்ந்திருக்கிறார்களா, படுத்திருக்கிறார்களா என்று எப்படித் தெரியும்?

"செரி, அந்தப் பலகாரம்..."

"அதெல்லாம் கீழ ராகேலுக்க அடுக்களைல. மேல கொண்டுவர மாட்டோம்."

"ஈரக்காலு..."

எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் தோள்பையைத் திறந்தார்கள். எல்லாப் பையிலிருந்தும் ஒரு கைத்துண்டு வந்தது. ராகேல் முன்னமே சொல்லியிருந்தாள். காலைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சுருதிக்குக் கீபோர்டு வேண்டாம், போன் போதும் என்றார்கள். போனுக்குக் கால் கிடையாது.

முதல் பாட்டை எடுத்ததும் ஜெபமலர் டீச்சர் நிறுத்தினார். "என்னா முழக்கம் பாத்தியா ராகேலு! சபை ஹால் இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல."

மரத் தரை. அடியில் வெற்றிடம். வீணைக்குக் குடம் இருப்பதுபோல அந்த அறைக்கு அடியில் ஒரு குடம் இருந்தது. அந்தக் குடம்தான் சத்தியதாஸின் படுக்கையறை.

திங்கட்கிழமை மதியம் அவர் தம் உரிமையை நிலைநாட்டப் புறப்பட்டார். மடக்குக் கட்டிலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நாலு படி ஏறியிருப்பார். மேலே ராகேல் நின்றாள்.

"இது என்னது?"

"கட்டிலு."

"அதுக்குக் கால் உண்டா?"

சத்தியதாஸ் கட்டிலைப் பார்த்தார். உண்டு. எந்தப் பக்கம் எண்ணினாலும் நாலு.

"ராகேலு, கட்டில இழுக்க மாட்டேன். ஒருக்கா போட்டா போட்டதுதான்."

"நீங்க படுத்துப் பெரண்டா அது இழுபடும். துணி கட்டினா மணல் ஒட்டும். நீங்க சொன்னதுதான், நானா சொன்னேன்?"

கட்டிலை இறக்கிவிட்டுப் பாயோடு வந்தார். பாய்க்குக் கால் இல்லை. தாம் ராகேலை மடக்கிவிட்டதாக நினைத்து மூன்று படி தெம்பாக ஏறினார்.

"தலைல என்னது?"

"எண்ணெய்."

"முட்டுல?"

"தைலம்."

"கால் கழுவுனியளா?"

"கழுவினேன்."

"தொடச்சியளா?"

சத்தியதாஸ் திரும்பிப் பார்த்தார். படிக்குப் படி அவருடைய பாதம் ஈரமாகப் பதிந்து, குழாயடியிலிருந்து அதுவரை அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டு வந்திருந்தது.

"எனக்க வீடு ராகேலு இது!"

"போதகரையே வாசல்ல நிறுத்தியாச்சு. இப்ப நீங்க எண்ணெய்த் தலையோட உள்ள படுத்திருக்கியன்னு அவரு அறிஞ்சா, ஞாயிற்றுக்கிழம அவரு மொகத்துல எப்படி முழிப்பிய?"

அவர் வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டே இருந்துவிடலாம்தான். ஆனால் அதைச் சொல்ல முடியவில்லை.

கீழ் அறைக்கு வந்தார். ஒரு பக்கம் பஸ். மறுபக்கம் மிக்சி. மேலே, கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க, சனிக்கிழமை மதியப் பயிற்சி வெள்ளிக்கும் வியாழனுக்கும் பரவி, கடைசியில் வாரம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. ஜெபமலர் டீச்சர் உச்சத்தைத் தொடும்போதெல்லாம் விட்டத்திலிருந்து அவர் நெற்றியில் கொஞ்சம் மரத்தூள் விழுந்தது.

தங்கப்பனைப் போனில் கூப்பிட்டார்.

"தங்கப்பா, அந்தக் கிளாஸி வேண்டாம். எடுத்துரு. ஆயில் போட்டுத் தா. ஆயில்தான் நல்லது."

"ஆயில்தான் சாரே பெஸ்ட். நான் அன்னைக்கே பறஞ்சேன்."

"அப்ப நாளைக்கு வா."

"அது வந்து சாரே, சார் விளிப்பீங்கன்னு சேச்சி அன்னைக்கே கேட்டுல வெச்சுச் சொல்லிட்டாங்க. விளிச்சா, கிறிஸ்துமஸ் கழியட்டும், மழையும் கழியட்டும்னு சொல்லச் சொன்னாங்க."

"நீ எனக்கு வேல செய்யுதியா, அவளுக்கா?"

"சேச்சி சொன்னதும் சரிதானே சாரே," என்றார் கொள்கைப்பிடிப்புள்ள தங்கப்பன்.

அதற்குப் பிறகு சத்தியதாஸ் போராடவில்லை. படுத்துக் கேட்டார். கேட்கக் கேட்க ஒரு கொடுமை நடந்தது. பாட்டுகள் எல்லாம் அவருக்கு மனப்பாடமாகிவிட்டன. எந்த இடத்தில் யார் சுருதி இறங்குவார், எந்த வரியில் யார் முந்திக்கொள்வார் என்று அத்துப்படியாகிவிட்டது. ஒரு பாட்டில் மட்டும் அவர்கள் எப்போதும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தார்கள். அங்கே பெண் குரல்கள் எல்லாம் நின்றுவிடும், கட்டைக் குரல் தனியாக ஒரு வரி இறங்கி வந்து கையைக் கொடுக்க வேண்டும். அதைப் பாட வேண்டியவர் மஸ்கட்டில் இருந்தார். நாள்தோறும் அந்தக் குழியில் விழுந்து, நாள்தோறும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

ஒரு மதியம். பாதித் தூக்கம். பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. பெண்கள் நின்றார்கள். குழி. சத்தியதாஸ் மறுபடியும் முதலிலிருந்தா என்று பல்லைக் கடித்தார். கடித்த பல்லைத் திறந்துகொண்டு, அவர் கேட்காமலே, அவர் நெஞ்சுக்குள்ளிருந்து அந்த வரி புறப்பட்டது. அண்டாவை உருட்டிவிட்டதுபோன்ற குரல். மேலிருந்து கீழே சத்தம் வரும் பலகை, கீழிருந்து மேலேயும் விடும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

மேலே பாட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு குழியைத் தாண்டிப் போயிற்று. கடைசி வரை போயிற்று. பிறகு படியில் காலடி.

கதவருகில் ராகேல். அவளுக்குப் பின்னால் ஜெபமலர் டீச்சர். அவருக்குப் பின்னால் எல்லாரும்.

"நான் ஒண்ணும் பாடல," என்றார் சத்தியதாஸ் எழுந்து உட்கார்ந்து. "சும்மா இருமினேன்."

"சுருதியிலல்லா இருமினீங்க சாரே," என்றார் ஜெபமலர் டீச்சர்.

"எடம் கெடச்சாச்சு, குரலும் கெடச்சாச்சு," என்றாள் ராகேல். குரலைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் அன்றைக்கு நடுரோட்டில் சொன்னது சத்தியதாஸுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "நீங்க மேல் ரூமுக்குப் போணும்னுதான ஆசப்பட்டிய? நாளையிலிருந்து வாருங்க. சோப்பு போட்டுத் தல குளிச்சிட்டு, காலத் தொடச்சிட்டு."

அப்படியாக, மறுநாள் மதியம், தாம் தேர்ந்தெடுத்து மினுக்கிய அறைக்குள் சத்தியதாஸ் முதன்முறையாக முழு உரிமையோடு நுழைந்தார். ஜன்னலிலிருந்து காற்று வந்தது. மாமரம் அசைந்தது. கொட்டாவி வந்தது. பின்வரிசையில் சுவரோரமாக ஓர் இடம் பார்த்து, பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பக்தியாகத் தலையைக் குனிந்தார்.

"கண்ண மூடாதிய," என்றாள் முன்னால் நின்ற ராகேல், அவர் பக்கம் திரும்பாமலே. "தரைல தெரியுது."